பட் லைட், மில்லர் லைட், கூர்ஸ் லைட்: மூன்றில் எது தேவலை, அடுத்து எதை வாங்கலாம்

அமெரிக்காவில் பீர் விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது இந்த மூன்றும்தான். நீலப் பெட்டி பட் லைட், வெள்ளைப் பெட்டி மில்லர் லைட், வெள்ளிப் பெட்டி கூர்ஸ் லைட். 12, 24, 30 கேன் என்று மொத்தமாகக் கட்டி அடுக்கியிருக்கும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு அமெரிக்க பீர் அறிமுகமாவது பெரும்பாலும் இதில் ஒன்றின் வழியாகத்தான். ஒரு வாய் குடித்ததும் “தண்ணி மாதிரி இருக்கே” என்பார்கள். அவர்கள் நாக்கில் குறையில்லை. அந்தத் தண்ணித்தனம் கணக்குப் போட்டு வரவழைத்தது.

‘லைட்’ என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம்மூரில் லைட், ஸ்ட்ராங் என்று பிரிப்பது போதையை வைத்து. அமெரிக்காவில் லைட் என்பது கலோரிக் கணக்கு. மூன்றிலும் ஆல்கஹால் 4.2 சதவீதம், சாதாரண பட்வைசரில் 5. அதாவது ஆறு கேன் பட் லைட்டும் ஐந்து கேன் பட்வைசரும் உடம்பில் ஏற்றும் ஆல்கஹால் ஒரே அளவுதான். லைட்தானே என்று கூட இரண்டு கேன் குடித்துவிட்டுக் கார் சாவியை எடுப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

355 மில்லி கேனுக்குக் கணக்கு இப்படி. மில்லர் லைட் 96 கலோரி, மாவுச்சத்து 3.2 கிராம். கூர்ஸ் லைட் 102 கலோரி, 5 கிராம். பட் லைட் 110 கலோரி, 6.6 கிராம். இவற்றுக்குப் பின்னால் 2002இல் வந்த மிக்கலோப் அல்ட்ரா 95 கலோரி, 2.6 கிராம். ஒப்பிட, பட்வைசர் 145 கலோரி, 10.6 கிராம். மில்லர் லைட்டையே பிரித்துப் பாருங்கள். 355 மில்லியில் 4.2 சதவீதம் என்றால் 15 மில்லி ஆல்கஹால், எடையில் சுமார் 12 கிராம். கிராமுக்கு 7 கலோரி வீதம் அதிலேயே 83 கலோரி போய்விட்டது. மீதி 13 கலோரி அந்த 3.2 கிராம் மாவுச்சத்து. தண்ணீரையும் ஆல்கஹாலையும் கழித்தால் நாக்கில் நிற்க மிஞ்சுவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைகூட இல்லை. குடிக்கும்போது வாய் காலியாக இருப்பது போலத் தோன்றுவது இதனால்தான்.

அந்த மாவுச்சத்து எங்கே போனது? பார்லியை முளைகட்டி, உலர்த்தி (இதற்குத்தான் மால்ட் என்று பெயர்), நொறுக்கி வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலிருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முழுக்க உடைவதில்லை. டெக்ஸ்ட்ரின் எனப்படும் பெரிய துண்டுகள் மிஞ்சும். பீருக்குப் பயன்படுத்தும் ஈஸ்ட் அவற்றைத் தொடாது. பீரின் கனத்தில் பெரும்பங்கு அவற்றால் வருவது. நியூயார்க்கின் ரைன்கோல்டு ஆலையில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர் ஜோசப் ஓவேட்ஸ், அமைலோகுளுக்கோசிடேஸ் என்ற நொதியைச் சேர்த்து அந்தத் துண்டுகளையும் உடைத்து ஈஸ்ட்டுக்குத் தின்னக் கொடுத்தார். 1967இல் கேப்ளிங்கர்ஸ் டயட் பீர் என்ற பெயரில் அது கடைக்கு வந்து, விலை போகாமல் நின்றது. டயட் என்ற சொல்லைப் பார்த்து பீர் குடிப்பவர்கள் கிட்டவே வரவில்லை. அதே காலத்தில் சிகாகோவில் மைஸ்டர் பிராவ் லைட் என்று ஒன்று இருந்தது. 1972இல் மைஸ்டர் பிராவின் பீர்ப் பெயர்களை வாங்கிய மில்லர், 1975இல் மில்லர் லைட்டை நாடு முழுக்க இறக்கியது. விளம்பரத்தில் உடல் இளைப்பதைப் பேசாமல், ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களை வைத்து ‘சுவை நன்று, வயிறு நிரம்பாது’ என்று சொல்லவைத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. கூர்ஸ் லைட் 1978இலும் பட் லைட் 1982இலும் வந்தன. 2001 முதல் 2023 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற பீர் பட் லைட்தான். அந்த இடத்தை 2023இல் மெக்சிகோவின் மொடெலோ எஸ்பெசியல் பிடித்தது.

பார்லியோடு பட் லைட்டில் அரிசி சேர்க்கிறார்கள். மற்ற இரண்டிலும் கார்ன் சிரப். 2019இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின்போது இதையே விளம்பரமாக்கிப் பெரிய சண்டை நடந்தது. குடிப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. கார்ன் சிரப்பாக இருந்தாலும் அரிசியாக இருந்தாலும் அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். கேனுக்குள் சிரப் கிடையாது. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: சுவை சேர்க்காமல் ஆல்கஹால் சேர்ப்பது. பெரிய ஆலைகளில் பொதுவாகக் கூடுதல் அடர்த்தியில் காய்ச்சி, கடைசியில் ஆக்சிஜன் நீக்கிய தண்ணீர் விட்டு 4.2க்குக் கொண்டுவருவார்கள். அதே தொட்டியில் அதிக பீர் எடுக்க அது வழி.

இவ்வளவு சொன்னாலும் இவற்றைக் காய்ச்சுபவர்களின் கைத்திறனை மதிக்கத்தான் வேண்டும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் சிறு பிசகு நடந்தால் வறுத்த வாசனை அதை மூடிவிடும். லைட் பீரில் மூடுவதற்கு எதுவும் கிடையாது. நாட்டின் பல மூலைகளில் இருக்கும் ஆலைகளில் காய்ச்சியும் கேனுக்குக் கேன் ஒரே மாதிரி வருகிறதென்றால் தண்ணீர், ஈஸ்ட், சூடு மூன்றும் கைக்குள் இருக்கின்றன என்று அர்த்தம்.

சுவைக்கு வருவோம். மூன்றையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடம் வெளியே வையுங்கள். 4 டிகிரியில் இருந்த கேன், சாதாரண அறையில் 7, 8 டிகிரிக்கு வந்திருக்கும். ஒரே மாதிரி மூன்று கிளாஸில் ஊற்றுங்கள். முதலில் நிறம்: கூர்ஸ் லைட் காய்ந்த வைக்கோலின் வெளிர் மஞ்சள், பட் லைட்டும் ஏறக்குறைய அதுவே, மில்லர் லைட் ஒரு சாயல் பொன்னிறம். நுரை வெள்ளையாகப் பொங்கி வந்து, பெரிய பெரிய குமிழாக உடைந்து இரண்டு நிமிடத்தில் ஓரத்தில் ஒரு வளையமாக ஒட்டிக்கொள்ளும். நுரையைத் தாங்குவது பார்லியின் புரதமும், ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பும். இரண்டுமே இங்கே குறைவு.

பட் லைட்டை முகர்ந்தால் நறுக்கிய பச்சை ஆப்பிள் மாதிரி ஒரு மெல்லிய வாசனை. அது அசிட்டால்டிஹைடு என்ற சேர்மம், பட்வைசர் குடும்பத்து பீர்களில் அடையாளம் போலவே இருப்பது. குடித்தால் வறட்சியாகப் போய், கடைசியில் ஒரு சிறு சுருக்கு. கூர்ஸ் லைட்டில் வேகவைத்த சோளத்தின் தித்திப்பு லேசாகத் தெரியும், பிறகு எதுவும் தெரியாது. விழுங்கிய மறுநொடி வாய் சுத்தம். மில்லர் லைட்டில் மட்டும் ரொட்டி ஓரத்தின் சுவையும், எண்ணிச் சொல்லும்படியாகக் கொஞ்சம் கசப்பும் உண்டு. இப்போது கிளாஸை இன்னும் கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திரும்பக் குடியுங்கள். குளிர் மறைத்து வைத்திருந்தது வெளியே வரும்: வடித்த கஞ்சி ஆறிப்போன வாடை, சோளத் தண்ணீரின் தித்திப்பு. மூன்றில் இந்தச் சோதனையைத் தாங்குவது மில்லர் லைட். மூன்றில் ஒன்றுதான் என்றால் அதை எடுங்கள். கலோரியும் அதில்தான் குறைவு. அடுத்தது பட் லைட், பிறகு கூர்ஸ் லைட். மிக்கலோப் அல்ட்ராவைப் பீராக எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான். குளிர்ந்த சோடாவில் ஆல்கஹால் வேண்டும் என்பவருக்கு அது போதும்.

கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வேன் என்பவர்கள் முக்கோணச் சோதனை செய்து பார்க்கலாம். மூன்று கிளாஸ், இரண்டில் ஒரு பீர், ஒன்றில் வேறு பீர். ஊற்றுபவர் வேறொருவர். தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றுக்கு ஒரு முறை சரியாக வரும் என்பதால் ஒரு தடவை போதாது, ஆறு தடவையாவது செய்ய வேண்டும். பட் லைட்டையும் கூர்ஸ் லைட்டையும் வைத்துச் செய்தால் இது உண்மையிலேயே கஷ்டம்.

கூர்ஸ் லைட் லேபிளில் இருக்கும் மலை, பீர் நன்றாகக் குளிர்ந்ததும் நீலமாக மாறும். 2007 முதல் இருக்கும் மை வித்தை. சுவை பார்க்க வேண்டும் என்றால் அந்த நீலம் போகும்வரை பொறுத்திருங்கள். கடுங்குளிரில் நாக்கு மரத்துவிடும், வாசனையும் மேலெழாது. கார்பன் டை ஆக்சைடின் சுருக்கு மட்டும் தெரியும். வெயிலில் புல் வெட்டிவிட்டு வந்து மடக்கென்று ஒரு கேன் குடிப்பதற்கு அது சரி. அந்த வேலைக்கு லைட் பீரை விடப் பொருத்தமானது இல்லை என்றே சொல்வேன்.

அடுத்த படிக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். நல்ல பீர் என்றால் கசப்பு என்று எங்கேயோ கேட்டுவிட்டு நேராக, ஹாப்ஸ் தாராளமாகப் போட்ட ஐபிஏ வகையை வாங்கிவிடுகிறார்கள். பீரின் கசப்பை ஐபியூ என்ற அலகில் சொல்வார்கள். லைட் பீரில் அது சுமார் 10. வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏயில் 60, 70. நாக்கு சுருண்டு, “இதெல்லாம் நமக்கு ஒத்துவராது” என்று மறுபடி 30 கேன் பெட்டிக்கே திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு கூட்டம் நல்லது என்றால் ஸ்ட்ராங் என்று எட்டு சதவீதத்தைத் தேடும். ஆல்கஹால் கூடினால் தொண்டையில் சூடு கூடும். சுவை கூட வேண்டும் என்று கட்டாயமில்லை.

லைட் பீர், குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் லாகர் குடும்பத்தின் கடைக்குட்டி. அதே குடும்பத்தின் மூத்தவர்களிடம் போவதுதான் சரியான வழி. முதல் வாங்கல் ஜெர்மன் ஹெல்லஸ். மியூனிக்கில் ஸ்பாட்டன் ஆலை 1894இல் கொண்டுவந்த வகை இது. தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் தவிர வேறொன்றும் கிடையாது. அமெரிக்கக் கடைகளில் வைஹென்ஷ்டெஃபானர் ஒரிஜினல் 5.1 சதவீதம், ஹாஃப்பிராய் ஒரிஜினல் 5.1 இரண்டும் கிடைக்கும். மாசசூசெட்ஸ் பக்கம் இருப்பவர்கள் ஜாக்ஸ் ஆபி ஹவுஸ் லாகரை வாங்கலாம். நிறம் லைட் பீரை ஒட்டியே இருக்கும், கசப்பும் கொஞ்சம்தான் கூட. ஆனால் நடுவாயில் ஒரு கனம் வந்து உட்காரும். அப்போதுதான் சுட்ட ரொட்டியின் உள்பக்கம், லேசாகத் தேன். லைட் பீரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாய் அது, ஒரு வாய் இது என்று குடியுங்கள். டெக்ஸ்ட்ரின் எடுத்துவிட்ட பீர் எது, எடுக்காத பீர் எது என்று நாக்கே சொல்லிவிடும். இந்தப் படியில் இரண்டு மூன்று வாரம் நிற்பது நல்லது.

பிறகு பில்ஸ்னர் உர்க்வெல். இந்த ஒரு பீருக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது. 1842 அக்டோபரில், இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் பவேரியாக்காரர் யோசஃப் குரோல் காய்ச்சிய பொன்னிற லாகர் இது. உலகத்தில் இன்று விற்கும் மஞ்சள் நிற லாகர் எல்லாவற்றுக்கும், பட் லைட் உட்பட, மூதாதை. ஆல்கஹால் 4.4 சதவீதம், அதாவது பட் லைட்டை விட 0.2 மட்டும் அதிகம். கசப்போ சுமார் 40 ஐபியூ. போதையைக் கூட்டாமல் சுவையை எவ்வளவு கூட்ட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தக் கசப்பு காறாமல் இருக்க இரண்டு காரணம். பில்சனின் தண்ணீர் உப்புச்சத்து மிகக் குறைந்த மென்னீர். அடுத்தது, மால்ட் கலவையில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவைத்துத் திரும்பக் கொட்டுவதை மூன்று முறை செய்கிறார்கள். அதில்தான் அந்தப் பொன்னிறமும் பிஸ்கட் சுவையும் ஏறுகின்றன. ஹாப்ஸ் சாட்ஸ் வகை: உலர்ந்த மூலிகையும் மிளகும் கலந்த வாசனை. முதல் கிளாஸ் கசந்தால் விட்டுவிடாதீர்கள். மூன்றாவது முறை குடிக்கும்போது கசப்புக்குக் கீழே இருக்கும் தித்திப்பு பிடிபடும். வறட்சியான பாணி பிடித்தவர்களுக்கு ஃபயர்ஸ்டோன் வாக்கர் ஆலையின் பீவோ பில்ஸ், விக்டரி ஆலையின் பிரைமா பில்ஸ் இரண்டும் அமெரிக்கத் தயாரிப்பிலேயே அருமையானவை, இரண்டும் 5.3 சதவீதம்.

இதற்குப் பிறகு பாதை அகலமாகிவிடும். வைஹென்ஷ்டெஃபானர் ஹெஃபவைஸ்பியர் 5.4 சதவீதக் கோதுமை பீர். கனிந்த வாழைப்பழமும் கிராம்பும் அப்படியே மணக்கும். இரண்டும் ஈஸ்ட் உண்டாக்குபவை. பழமோ மசாலாவோ யாரும் போடவில்லை. முக்கால் பாட்டில் ஊற்றியதும் மீதியைச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டோடு சேர்த்து ஊற்ற வேண்டும். சியரா நெவாடா பேல் ஏல், 5.6 சதவீதம், 38 ஐபியூ, 1980 முதல் வருவது. கேஸ்கேட் ஹாப்ஸின் வாசனை நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளிய மாதிரி. ஐபிஏ பக்கம் போக நினைப்பவர்களுக்கு இதுதான் வாசல். கறுப்பு பீர் என்றால் கனம் என்று பயப்படுபவர்கள் கின்னஸ் டிராஃப்ட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும்: 4.2 சதவீதம், 355 மில்லிக்கு 125 கலோரி. பட் லைட்டை விட 15 கலோரிதான் கூட. கெட்டியாகத் தோன்றுவது நைட்ரஜன் தரும் பொடிக் குமிழால். கறுப்பு வந்தது வறுத்த பார்லியால். உண்மையிலேயே கனமான கறுப்பு பீர் வேண்டுமென்றால் இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம், கருப்பட்டியும் காப்பி டிகாஷனும் சேர்ந்த சுவை, ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்து மெதுவாகக் குடிக்க வேண்டியது.

நல்ல பீரை வாங்கி வந்து கெடுப்பது பெரும்பாலும் கிளாஸ்தான். எண்ணெய்ச் சட்டி தேய்த்த அதே ஸ்க்ரப்பரால் பீர் கிளாஸையும் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும். நுரை உடனே செத்துவிடும். தனியாக ஒரு ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் சோடா போட்டுத் தேய்த்து, நிறையத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். சுத்தமா என்று தெரிய, உள்பக்கத்தை நனைத்து உப்பைத் தூவிப் பாருங்கள். எங்கும் சீராக ஒட்டினால் சுத்தம். வழுக்கை விழுந்தால் எண்ணெய். ஊற்றிய பிறகு பக்கச் சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டி நின்றாலும் அழுக்கு என்றுதான் அர்த்தம். அப்பளம் தின்ற உதடும் நுரையைக் கொல்லும். கிளாஸைச் சாய்த்து பாதி வரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் நுரை நிற்கும். அந்த நுரை வாசனையைப் பிடித்து வைக்கும், வாயுவும் கொஞ்சம் வெளியேறி வயிறு உப்பாது. ஃப்ரீஸரில் வைத்த கிளாஸ் வேண்டாம். சுவரில் படியும் பனி பீரில் கரைந்து தண்ணீராக்கும்.

சாப்பாட்டோடு என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆல்கஹாலும் ஹாப்ஸ் கசப்பும் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும். சிக்கன் 65, மிளகு வறுவலோடு ஐபிஏ குடித்தால் வாய் பற்றி எரியும். அங்கே ஹெல்லஸ் அல்லது கோதுமை பீர்தான் கைகொடுக்கும். மால்ட்டின் தித்திப்பு காரத்தை அமர்த்தும். வறுத்த மீனுக்கு பில்ஸ்னர்; எண்ணெய்ப் பிசுக்கை அந்தக் கசப்பு வெட்டிவிடும்.

வாங்கும்போது விலை உறுத்தும். கேனுக்குக் கேன் பார்த்தால் இந்த பீர்கள் லைட் பீரைப் போல ஏறத்தாழ இரட்டை விலை. முதலில் ஆறு கேன் பேக்கை அப்படியே வாங்காமல், தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்க்க விடும் கடையில் வகைக்கு ஒன்றாக எடுங்கள். கேனின் அடியிலோ பாட்டிலின் கழுத்திலோ நிரப்பிய தேதி இருக்கிறதா பாருங்கள். லாகர் என்றால் மூன்று, நான்கு மாதத்துக்குள், பேல் ஏல் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்குள் இருந்தால் எடுக்கலாம். பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். பச்சை பாட்டிலையும் நிறமற்ற பாட்டிலையும் தவிருங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கசப்பு சிதைந்து கந்தகச் சேர்மம் ஒன்று உண்டாகும். ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தின் உறவு அது. நல்ல வெயிலில் சில நிமிடங்களே போதும். இறக்குமதி பீர் இப்படித்தான் இருக்கும் போல என்று பலர் நினைப்பது இந்த நாற்றத்தைத்தான். மில்லர் ஹை லைஃப் நிறமற்ற பாட்டிலில் வந்தும் நாறாமல் இருப்பதற்குக் காரணம் அதில் சேர்ப்பது வெளிச்சம் தாங்கும்படி மாற்றிய ஹாப்ஸ் சாறு. மற்றவற்றுக்குப் பழுப்பு பாட்டில் பரவாயில்லை, கேன் அதைவிட நல்லது. கடையில் ஜன்னலோரம் அடுக்கியதைத் தொடாமல் குளிர்பெட்டிக்குள் பின்வரிசையில் இருப்பதை எடுங்கள். வீட்டில் கராஜில் வைக்காதீர்கள். கோடையில் அங்கே நாலு வாரம் கிடந்த பில்ஸ்னரில் சாட்ஸ் வாசனையைத் தேடினாலும் கிடைக்காது. வாங்கிய அன்றே ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, குடிப்பதற்கு 20 நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள்.